ஆறாம் மாடியில் வளர்ந்த பிள்ளை

என் தங்கச்சியின் பிள்ளையை நான் வளர்த்தேன். தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும், கடலுக்கு முன்னால், இன்னொருத்தருடைய வீட்டில்.

எங்கள் ஊர் கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டம். பாதி தேயிலை, பாதி ரப்பர். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே டிவிஷனில் பிறந்தவர்கள். கல்யாணமான புதிதில் அவர் ரப்பரில் பால் வெட்டினார், நான் கொழுந்து பறிக்கப் போனேன். பிறகு அவருக்குப் பெந்தோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில் நீச்சல் குளம் சுத்தம் பண்ணுகிற வேலை கிடைத்தது. அங்கே மோட்டர், பம்ப், குழாய் வேலையெல்லாம் பழகிக்கொண்டார். அந்த ஹோட்டலுக்குப் பக்கத்து வளவில் கடலைப் பார்த்தபடி ஒரு தொடர்மாடி எழும்பியது. ஆறாம் மாடியில் வீடு வாங்கிய ஒரு சிங்கள டாக்டர், இவருடைய வேலையைப் பார்த்துப் பிடித்துப்போய், கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

டாக்டரும், நோனா என்று நாங்கள் கூப்பிடுகிற அவர் மனைவியும் இருப்பது வெளிநாட்டில். டிசம்பரில் ஒரு தடவை வந்து போவார்கள். மற்ற மாதங்களில் வீடு பூட்டிக் கிடந்தால் கடல் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று அவருக்குப் பயம். "நீங்க ரெண்டு பேரும் உள்ளேயே இருங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, குழாயைத் திறந்து மூடுங்க. நாங்க வர்றப்போ மட்டும் கீழ்ரூமுக்குப் போனா சரி" என்று சிங்களத்தில் சொன்னார். கட்டடத்துப் பம்ப் வேலையும் இவருக்கே கிடைத்தது. எனக்கு மற்ற வீடுகளைக் கூட்டித் துடைக்கிற வேலை.

தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர்களுக்குக் கடலைப் பார்த்த வீடு. முதல் மாதம் நான் அந்த சோபாவில் உட்காரவே இல்லை. தரையில் பாய் விரித்துத்தான் படுத்தோம். அழகான வீடுதான், ஆனால் ஓயாத வேலை. காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானம் விரலால் கோடு போடலாம், அவ்வளவு உப்பு படிந்திருக்கும். கதவுப் பிணைச்சல், கரண்டி, ஏ.சி. பெட்டி, எல்லாம் துருப்பிடிக்கும். மே மாதம் வந்தால் கடல் குமுறும். கரையில் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள். மழை பக்கவாட்டில் அடித்துப் பல்கனிக் கதவுக்கு அடியால் உள்ளே வரும். பழைய சாரங்களை முறுக்கி அங்கே அடைத்து வைப்பேன். எங்கள் மலையிலும் அதே மாதம்தான் மழை ஊற்றும். அப்பா போனில், "அங்கயும் பேயுதா?" என்று கேட்பார். "பேயுதுப்பா, ஆனா இங்க கீழருந்து மேல பேயுது" என்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம், கொழும்புக்குப் போனோம், கோயில்களுக்குப் போனோம். அதில் சொல்வதற்கு வேறு ஒன்றுமில்லை.

என் தங்கச்சி என்னைவிட நிறைய இளையவள். அம்மா செத்தபோது அவள் சின்னப் பிள்ளை. தலைவாரிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் நான்தான். அவள் விரும்பிக் கட்டியவன், அவள் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே கொழும்புக்குக் கடை வேலைக்கு என்று போனான். போனவன் போனதுதான். பிள்ளை பிறந்து ஒரு வருஷம் கழிய, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தாள். அப்பா விடியுமுன்னே பால் வெட்டப் போகிறவர். பிள்ளையை அவரிடம் விடமுடியாது. என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

பயணத்துக்கு முந்தின வாரம் வந்து எங்களோடு தங்கினாள். பிள்ளைக்குப் பால் மறக்கவைக்க வேண்டும். தங்கச்சி குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் குனிந்து பாலைப் பீய்ச்சி விடுவாள். பிள்ளை வெளியே கதவைத் தட்டிக்கொண்டு அழும். உள்ளே இவள் அழும் சத்தமும் கேட்கும். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கடலைக் காட்டுவேன். அலை வந்து உடைகிறதைப் பார்த்ததும் அழுகை நிற்கும். மூக்கு ஒழுக ஒழுக அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்.

போகிற அன்று தங்கச்சி சொன்னாள், "அக்கா, அவ ஒன்ன அம்மான்னே கூப்பிடட்டும்."

"நான் பெரியம்மாதானே?"

"இல்லக்கா. அம்மா இல்லாத பிள்ளன்னு யாரும் அவள சொல்லக் கூடாது. நான் வந்து அவகிட்ட சொல்லிக்கிறேன்."

"எப்ப வருவ?"

"ரெண்டு வருஷந்தான். அக்ரிமென்ட் முடிஞ்சதும் வந்துருவேன்."

அவள் சொன்னபடியே பிள்ளை என்னை அம்மா என்றது, இவரை அப்பா என்றது. தங்கச்சி போன அன்றைக்கு என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை. கடற்கரையில் மீன்பிடிக்காரர்களிடம் ஒரு பழைய வலையை வாங்கிவந்து, பல்கனிக் கம்பி முழுக்க இழுத்துக் கட்டினார். பிள்ளையின் கை நுழைகிற இடமெல்லாம் இரட்டை முடிச்சு. தொடர்மாடி மெனேஜர் கீழே இருந்து பார்த்துவிட்டு, கட்டடத்தின் அழகு போகிறது என்று ஆள் அனுப்பினார். "டாக்டர் மாத்தையா வந்து சொல்லட்டும், அப்ப அவுக்கிறேன்" என்று இவர் பதில் சொன்னார். யாரோடும் எதிர்த்துப் பேசாத மனுஷன்.

அவள் கடற்கரைப் பிள்ளையாக வளர்ந்தாள். எங்களோடு தோட்டத்துத் தமிழ், கரையில் சிங்களம். கச்சான் கடலை விற்கிறவர், அன்னாசி வெட்டுகிறவர், படகுக்காரர் எல்லாரும் அவளுக்கு மாமா. ஆமைக் குஞ்சு வளர்க்கிற இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் டிக்கெட் எடுத்துப் போவார்கள். இவள் வேலிக்கு அடியால் நுழைந்து போய்விடுவாள். அங்கே இருந்த அண்ணன்மார், அன்றைக்கு முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளைச் சாயங்காலம் கடலில் விடும்போது இவளையும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு குஞ்சாகத் தண்ணீரில் இறங்கி மறையும்வரை, "பாத்துப் போ, பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் அவளை லிஃப்டில் ஏற்றி விடும்போது சொல்கிற வார்த்தை அது.

ஆற்றில் படகுச் சவாரி போகிற ஆட்களுக்குக் காட்ட, கண்டல் மரங்களுக்குள் ஒருத்தர் முதலைக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இவருக்குப் பழக்கமான படகுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் ஏற்றிப்போனார். முதலைக் குட்டியின் வாய் கயிற்றால் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அவுத்து விடுங்க, அதுக்குப் பசிக்கும்" என்று இவள் சிங்களத்தில் சத்தம் போட்டாள். படகில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் வந்தால் நாங்கள் கீழே போவோம். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு ரூம். சோபா உறையைத் துவைத்து, சுவரில் இவள் கிறுக்கியதை எலுமிச்சை போட்டுத் தேய்த்து, எங்கள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு இறங்குவோம். நோனா நல்லவள்தான். பிள்ளைக்குச் சாக்லேட் தருவாள், கன்னத்தைத் தட்டுவாள். ஆனால் கட்டடத்து நீச்சல் குளத்துப் பக்கம் வரவேண்டாம் என்பாள். இவளுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு நாள் கேட்டாள்.

"அம்மா, நம்ம வீட்ல யாரு இருக்காங்க?"

"வீட்டுக்காரங்க."

"அப்ப நாம யாரு?"

அவர்தான், "நாம பாத்துக்கிறவங்கம்மா" என்றார். அவளுக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "நாங்க பாத்துக்கிறவங்க" என்று பெருமையாகச் சொல்லுவாள்.

தங்கச்சி வரவேண்டிய காலத்தில் கொரோனா வந்தது. பிளேன் இல்லை. இங்கேயும் ஹோட்டல்கள் மூடின. தொடர்மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார்கள். கேட்டில் ஒரு காவல்காரர், மேலே நாங்கள் மூன்று பேர். அவ்வளவுதான் கட்டடம். டாக்டரும் வரவில்லை, அதனால் டிசம்பரிலும் நாங்கள் கீழே போகவில்லை. ஊரே பயந்து கிடந்த காலம். எனக்கு அது நல்ல காலம் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை. குளத்தில் தண்ணீர் இருந்தது, குளிக்க யாரும் இல்லை. அவர் அவளுக்கு அதில் நீந்தப் பழக்கினார். ஒரு விடியற்காலை கரையில் பெரிய ஆமை ஒன்று முட்டையிட்டுவிட்டுப் போன தடம் கிடந்தது, டிராக்டர் ஓடிய மாதிரி. அவள் அந்தத் தடத்தின் மேலேயே குப்புறப் படுத்துக் கைகளால் மணலைத் தள்ளித் தள்ளிக் கடல்வரைக்கும் போனாள். அவர் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கொரோனா முடிய நாட்டில் கஷ்டம் வந்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது, லிஃப்ட் நின்றது, அவளைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறினோம். காஸ் இல்லை. கரையில் ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கி, கட்டடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினேன். அந்த நேரத்தில் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள். தங்கச்சியும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கோல் எடுப்பாள். அவளுக்கு அன்றைக்குத்தான் கொஞ்ச நேரம் லீவு. பிள்ளை போனுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கும், பிறகு கடல் பக்கம் ஓடிவிடும். நான் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். ஒரு தடவை தங்கச்சி சொன்னாள், "அக்கா, எனக்கு அவள மட்டும் காட்டு. கடல காட்டாத."

"ஏன்டி?"

"ஒவ்வொரு தடவையும் அந்தக் கடலத்தான் பாக்கிறேன். அவ முதுகத்தான் பாக்கிறேன்."

அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையை மடியில் பிடித்து வைத்துக்கொண்டுதான் கோல் எடுப்பேன். அது நெளியும். "சின்னம்மாவுக்கு முத்தம் குடு" என்பேன். போன் கண்ணாடியில் எச்சில் படியக் கொடுக்கும். அந்தப் பக்கம் தங்கச்சி கன்னத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

தங்கச்சி வந்தது ஒரு தை மாதம். டாக்டரும் நோனாவும் வந்து போன பிறகு. பிள்ளை முன்பள்ளி முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய நேரம். கிட்டத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம், அதில் சேர்க்கப் பேசி வைத்திருந்தோம். தங்கச்சி பெரிய சூட்கேசோடு லிஃப்டிலிருந்து இறங்கினாள். உடம்பு பருத்திருந்தது, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. போனில் வருகிற சின்னம்மாதான் என்று தெரியாமல், பிள்ளை என் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த ஆன்டி எத்தன நாளைக்கு வந்திருக்காங்க?" என்று கேட்டது. எங்கள் கட்டடத்தில் சூட்கேசோடு வருகிற எல்லாரையும் பற்றி அவள் கேட்கிற கேள்விதான் அது. தங்கச்சி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரம் எங்களோடு இருந்தாள். பிள்ளையோடு பழக வேண்டும் என்றாள். நாங்கள் விலகித்தான் இருந்தோம். நான் வேலைக்குப் போகும்போது அவளிடம் விட்டுவிட்டுப் போனேன். தலைவார, குளிப்பாட்ட, சோறூட்ட எல்லாம் அவளை விட்டேன். பிள்ளை அவளைக் கூட்டிக்கொண்டு ஊரைக் காட்டியது. ஆமை வளர்க்கிற இடம், ஆற்று முகத்துவாரம், ரயில் பாலம், வெள்ளைக்காரர்கள் அலையில் பலகை ஓட்டுகிற இடம். வழிகாட்டிகள் பேசுகிற மாதிரியே, "இங்க நின்னு போட்டோ எடுங்க, இந்தப் பக்கம் வெயில் நல்லம்" என்று சொல்லுமாம். தங்கச்சி அதைச் சாயங்காலம் சொல்லிச் சிரித்தாள். பிறகு, "ஊர் பாக்க வந்த ஆள் மாதிரித்தான் அக்கா என்னக் கூட்டிட்டுப் போறா" என்றாள்.

முதல் வாரக் கடைசியில் பல்கனியில் உட்கார்ந்திருந்தபோது பேச்சை எடுத்தாள். பிள்ளை கீழே அவரோடு குளத்துக்கு மருந்து போடப் போயிருந்தது.

"அக்கா, கஹவத்த டவுன்ல ஒரு துணிக்கடையில வேல பேசிட்டேன். முஸ்லிம் முதலாளி, நல்ல மனுசன். அப்பாவோட லயத்துல இருந்துக்கிறேன். அவள தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன்."

நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவளுக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியல அக்கா. எம் பேர எழுதச் சொன்னா சிங்களத்துல எழுதுறா."

"இங்க கிட்டத்துல தமிழ் பள்ளிக்கூடம் இல்லயே."

"தெரியும். நான் ஒன்ன குத்தம் சொல்லல."

"இந்த வருசம் மட்டும் இருக்கட்டுமே. நீ வந்து வந்து போ. பழகட்டும்."

தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருசம் இருந்தா இன்னும் ஒட்டிக்கிருவா. அங்க எசமானியோட பிள்ளைய நான் வளத்தேன் அக்கா. பொறந்த நாள்லருந்து. நான் பொட்டி கட்டினப்ப அது என் கால விடல. அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் பிள்ளைக்கு இப்பிடி என் கால் தெரியாதேன்னு நெனச்சேன்."

அவள் தப்பாக எதையும் கேட்கவில்லையே. அவர் மேலே வந்ததும் சொன்னேன். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். "அவ பிள்ள. நாம என்ன சொல்ல முடியும்" என்றார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பம்ப் ரூமுக்கு இறங்கிப் போனார்.

பிள்ளைக்குத் தங்கச்சியேதான் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "நீ என் வயித்துல இருந்து வந்த பிள்ள. நான் தூரத்துல வேலைக்குப் போயிருந்தேன். அதுனால பெரியம்மா ஒன்ன பாத்துக்கிட்டாங்க" என்றாள். பிள்ளை என்னைப் பார்த்தது. நான் தலையை ஆட்டினேன். பிறகு என்னிடம் கேட்டது, "அப்ப நீ பாத்துக்கிறவங்களா?"

"ஆமா" என்றேன்.

"அங்க கடல் இருக்கா?"

"கடல் இல்ல, ஆறு இருக்கு. மல இருக்கு. தாத்தா இருக்காரு" என்று தங்கச்சி சொன்னாள்.

"நீயும் வருவியா?" இதுவும் என்னிடம்தான். வரமாட்டேன் என்றேன். பார்க்க வருவேன் என்றேன். அன்றைக்கு முழுக்க அழுதாள். அழுது களைத்து என் மடியில் தூங்கினாள். தங்கச்சி எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை.

காலியிலிருந்து கொழும்புக்குப் போகிற பெரிய ரோட்டில் பஸ் ஏற்றினோம். பாணந்துறையில் இறங்கி இரத்தினபுரி பஸ் பிடிக்க வேண்டும். நான் கூட வந்தால் அவள் அங்கே நிற்கமாட்டாள் என்று தங்கச்சி சொன்னதால் நான் போகவில்லை. பஸ் வந்ததும் பிள்ளை என் சீலையைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். என் வீட்டுக்காரர்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கி உள்ளே கொடுத்தார். "பாத்துப் போ" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து நான் சமைத்தேன். மூன்று பேருக்குச் சோறு வடித்திருந்தேன் என்பது போட்டுச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவர் பார்த்துவிட்டுப் பானையை மூடி வைத்தார். பல நாள் அப்படி நடந்தது. லிஃப்ட் கதவு திறந்தால் கை தன்னால் கீழே போகும், பிடிப்பதற்கு. மற்ற வீடுகளில் வாரக் கடைசிக்கு வந்து தங்குகிறவர்களின் பிள்ளைகள் நடைபாதையில் ஓடும்போது நான் வாளியை வைத்துவிட்டுப் பின்படிக்குப் போய் நிற்பேன். ஈரக் காலோடு ஓடுகிற சத்தம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனோம். அதுவரை போனில் மட்டும்தான் பேசினேன். முதலில் அழுவாள், பிறகு அழவில்லை, பிறகு விளையாடப் போகவேண்டும் என்று போனை வைத்துவிடுவாள். பஸ்ஸில் அவர் பிள்ளைக்கு வாங்கிய புதுச்சட்டை இருந்த பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இரத்தினபுரி தாண்டியதும் மழை. லயத்து வாசலில் அவள் நின்றாள். வளர்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல். காலில் அட்டை கடித்த புள்ளிகள். வெயிலில் கருத்திருந்த நிறம் மலைக்காற்றில் மாறியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி கண்ணைக் காட்டினாள்.

"வாங்க பெரியம்மா" என்றாள். "வாங்க பெரியப்பா."

நல்லபடியாகத்தான் பழக்கியிருந்தாள். வீட்டுக்கு வருகிற பெரியவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அவள் என்னிடம் ஒருநாளும் 'வாங்க' சொன்னதில்லை. 'வா' தான். 'வா, போ, இங்க பாரு, தூக்கு.' அந்த 'ங்க' எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவர் குடையை மடக்குகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினாள். தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்து எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் வந்து கூப்பிட்டதும் ஓடினாள். நல்ல பிள்ளையாக இருந்தாள், சந்தோஷமாக இருந்தாள். அதைப் பார்க்கத்தானே போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் நானும் தங்கச்சியும் மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, பகல்ல என்ன அம்மான்னு கூப்பிடுறா. தூக்கத்துல மட்டும் இன்னும் ஒன்னத்தான் கூப்பிடுறா."

"என்னத்தான்னு எப்பிடி ஒனக்குத் தெரியும்? அம்மான்னுதானே சொல்லுவா."

"தெரியும். 'அம்மா, கதவ சாத்து, தண்ணி வருது'ங்கிறா. இங்க ஏது தண்ணி? ஒங்க பல்கனியில மழ வர்றதச் சொல்றா."

"நீ என்ன செய்வ?"

"'சாத்திட்டேம்மா'ன்னு சொல்லுவேன். அப்பறம் தூங்கிருவா."

பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிப் பிடித்தேன். ரெண்டு பேரும் நனைந்துகொண்டு அழுதோம். தண்ணிக்கு வந்த பொம்பளைகள் குடத்தோடு ஒதுங்கி நின்றார்கள். அம்மாவை நினைத்து அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்துக் கடல் பார்க்க வந்தார்கள். கோயில் கமிட்டி ஒழுங்கு செய்தது. தங்கச்சி முன்னாலேயே போன் எடுத்துச் சொன்னாள். நான் லீவு சொல்லிவிட்டுக் காலையிலிருந்து கரையில் நின்றேன். அவர் வரவில்லை. மோட்டர் ஒன்று மக்கர் பண்ணுகிறது என்றார்.

பஸ்ஸில் பாட்டும் மேளமுமாக வந்து இறங்கினார்கள். அவள் கூட்டாளிகளோடு கைகோர்த்துக்கொண்டு ஓடிவந்தாள். என்னைக் கண்டதும் நின்று சிரித்தாள். முன்பல் ரெண்டும் விழுந்திருந்தது. நான் கட்டிப் பிடித்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள், விடுபடப் பார்க்கவில்லை. பிறகு கூட்டாளி ஒருத்தி அவளைக் கேட்டாள், "நீ இருந்தேன்னு சொன்னியே, அந்த வீடு எது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கரை நெடுகப் புதுக் கட்டடங்கள் வந்துவிட்டன. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, கையை நீட்டிப் பக்கத்து ஹோட்டலைக் காட்டினாள். "அதுதான். இல்ல பெரியம்மா?"

"இல்லம்மா. அதுக்கு இந்தப் பக்கம்" என்று நான் காட்டினேன். "மேல, வல கட்டியிருந்திச்சே, ஞாபகம் இருக்கா?"

"ம்" என்றாள். ஞாபகம் இல்லை என்று தெரிந்தது. என் மனசு நோகக் கூடாதென்று சொன்னாள். அந்த வயதில் அவளுக்கு அது தெரிந்திருந்தது.

அலையில் கால் நனைத்தார்கள், இறால் வடை சாப்பிட்டார்கள், ஆமைக் குஞ்சு பார்க்கப் போனார்கள். அங்கே இருந்த அண்ணன்மார் மாறிவிட்டார்கள், எல்லாரும் டிக்கெட் எடுத்துத்தான் போனார்கள். இருட்டுமுன்னே பஸ் கிளம்ப வேண்டும். கட்டடத்து வெளிக்குழாயில் நான் அவள் கால்களைக் கழுவிவிட்டேன். விரல் இடுக்கில் மணல் போக நேரம் எடுத்தது. நானும் அவசரப்படவில்லை. "போய்ட்டு வாறேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். தங்கச்சி இந்தப் பக்க ஜன்னலில் கையைக் காட்டினாள். பிள்ளை அந்தப் பக்க ஜன்னலில் கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டாள்.

பம்ப் ரூமுக்குப் போனேன். அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மோட்டருக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டுப் போய்ட்டாளா?"

"ம்."

"எப்பிடி இருக்கா?"

"நல்லா வளந்துட்டா. ரெண்டு பல்லு விழுந்திருச்சு."

"என்னப் பத்திக் கேட்டாளா?"

அவள் கேட்கவில்லை. "கேட்டா" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நான் வெளியே வந்ததும் கதவை உள்ளுக்குச் சாத்திக்கொண்டார். மோட்டர் சத்தத்தில் வேறு எதுவும் வெளியே கேட்கவில்லை. அவர் வரும்வரை நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.